மிச்சமானது யாருடைய நேரம்?



"வழிகாட்டும் கைபேசியால் பெருகியிருப்பது நேரமா, நெரிசலா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் 'அரைமணி நேரம் மிச்சம்'னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். மிச்சம்தான் ஐயா, நான் மறுக்கலை. யாருடைய அரைமணி நேரம் அது? அதைக் கேட்கத்தான் வந்திருக்கேன்.

இது எப்படி வேலை செய்யுது? வானத்துல இருந்து யாரும் நம்ம ரோட்டை எட்டிப் பார்க்கலை. காருக்குள்ள இருக்கிற கைபேசிதான், 'நான் இங்கே இருக்கேன், இந்த வேகத்துல போறேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கு. நிறைய கைபேசி ஒரே இடத்துல ஊர்ந்தா, படத்துல அந்த ரோடு சிவப்பு. பெர்லின் நகரத்துல சைமன் வெக்கர்ட்னு ஒரு கலைஞர். ஒரு கைவண்டியில 99 கைபேசியைப் போட்டு, ரோட்டுல மெதுவா இழுத்துக்கிட்டுப் போனார். கூகுள் மேப்புல ரோடு சிவந்து போச்சு! அதை 2020-இல் அவரே வெளியிட்டார். ஒரே ஒரு ஆளு. படத்துல பார்த்தா சித்திரைத் திருவிழாக் கூட்டம்!

சரி, சிவப்பா இருந்தா நம்மளை எங்கே திருப்பிவிடும்? பக்கத்துத் தெருவுக்கு. அங்கேயும் மனுஷங்க இருக்காங்களே!

அமெரிக்காவுல, நியூயார்க் போற ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் பக்கத்துல லியோனியான்னு ஒரு சின்ன ஊர். பாலத்துல நெரிசல்னா, கைபேசி சொல்லி வர்ற காரெல்லாம் ஊருக்குள்ள. வீட்டுக்காரங்க சொந்தக் காரை வாசலை விட்டு எடுக்க முடியலை. 2018 ஜனவரியில சுமார் 60 தெருவைக் காலையும் மாலையும் வெளியூர்க் காருக்கு மூடினாங்க. மீறினா 200 டாலர் அபராதம். அந்த வருஷமே, அது செல்லாதுன்னு நீதிமன்றம் சொல்லிருச்சு.

'அது அமெரிக்கா'ம்பாங்க எதிரணியில. எங்க தெருவுக்கு வாங்க. எங்கம்மாவுக்கு 78 வயசு. காபி குடிச்சதும் எதிர்வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை பேசிட்டு வரணும். மெயின் ரோட்டுல பள்ளம் தோண்டினதுல இருந்து, எட்டு மணிக்கெல்லாம் தெருவுல கார் வரிசை. வாசல்லயே கம்பை ஊன்றிக்கிட்டு நிக்கிறாங்க. "இந்தச் சந்துக்குள்ள இத்தனை பேருக்கு யாருடா வழி சொன்னது?"ன்னாங்க.

எனக்கு வாய் வரலை ஐயா. இன்னைக்கு இந்த மேடைக்கு நேரமாச்சுன்னு, கைபேசி சொன்ன ஏதோ ஒரு தெருவுக்குள்ள புகுந்து வந்தவன் நான். அங்கேயும் ஒரு பாட்டி, ரோட்டைக் கடக்க ஒரு காலை எடுத்து வச்சவங்க, என் ஹாரன் சத்தத்துல பின்னாடி வாங்கிட்டாங்க.

நான் பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன். நடுவர் ஐயா, அந்தப் பத்து நிமிஷத்தை எதிரணியின் லாபத்துல சேர்க்காதீங்க. அந்தப் பாட்டி கணக்குல பற்று எழுதுங்க.