நிறுத்திவிட்டுப் பேசுங்கள்!

(தலைப்பு: ‘விடலைப் பருவத் திரைப்படங்கள் வீட்டு வீடியோவாக வந்தது குடும்பத்துக்குப் பாலமா, பிளவா?’ – ‘பாலமே’ என்ற அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார், கேசட் வீட்டுக்குள் வந்தது, குடும்பம் ரெண்டாப் போச்சுன்னு கண்ணீர் விடாத குறையாப் பேசிட்டுப் போனாங்க. அம்மா, நான் ஒன்று கேட்கிறேன். கேசட் வருவதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் அப்பாவும் பதினாறு வயசுப் பையனும் தோள்மேல் கை போட்டுப் பேசிக்கிட்டா இருந்தாங்க? ‘சாப்பிட்டியா?’ ‘ம்.’ ‘படிச்சியா?’ ‘ம்.’ ‘எங்கே கிளம்பிட்டே?’ ‘இங்கதான்.’ மூணு கேள்வி, ஒன்றரை பதில்! இதுதானேம்மா நடந்துச்சு? (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். பிள்ளைத்தமிழ் என்று நம்மிடம் ஓர் இலக்கிய வகை இருக்கு. காப்புப் பருவம், செங்கீரைப் பருவம், தாலப் பருவம் என்று பத்துப் பருவம் பாடுவார்கள். தவழ்ந்தால் பாட்டு, கை கொட்டினால் பாட்டு, நிலாவைக் கூப்பிட்டால் பாட்டு. ஆனால் குழந்தைப் பருவத்தோடு புலவர் ஏட்டைக் கட்டி வைத்துவிடுகிறார். மீசை அரும்புகிற பருவத்துக்குப் பிள்ளைத்தமிழ் கிடையாது! அந்தப் பருவத்துப் பிள்ளையைப் புலவனே தொடப் பயப்படுகிறான் என்றால், நடுவர் அவர்களே, பெற்றவன் என்ன பாடுபடுவான்? (கைதட்டல்)

அந்தப் பருவத்தைத் தொட்ட ஒரு படத்தைத்தான் என் சாட்சியாக இந்த மன்றத்துக்கு அழைத்து வருகிறேன். 1985 பிப்ரவரி 15ஆம் தேதி அமெரிக்காவில் வெளியான ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’. எழுதி இயக்கியவர் ஜான் ஹியூஸ். பேருக்குத்தான் காலைச் சாப்பாடு. படத்திலே காட்டுவது மத்தியானச் சாப்பாடு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கதை ரொம்பச் சின்னது. இல்லினாய் மாநிலத்தில் ஷெர்மர் என்று ஒரு கற்பனை ஊர். 1984 மார்ச் 24, சனிக்கிழமை. தப்புச் செய்த ஐந்து மாணவர்களை விடுமுறை நாளில் வரச் சொல்லி, பள்ளி நூலகத்தில் உட்கார வைக்கிறார் துணைத் தலைமையாசிரியர். தண்டனை என்ன? ‘நான் யார்?’ என்று ஆயிரம் சொல்லில் ஒரு கட்டுரை எழுதணும். பதினாறு வயசுக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? ஐம்பது தாண்டிய எனக்கே இன்னும் இருநூறு சொல்லுக்கு மேல் வரவில்லை! (சிரிப்பு)

ஐந்து பேரும் ஐந்து ஜாதகம். பிரையன் நன்றாகப் படிக்கிறவன். ஆண்ட்ரூ மல்யுத்த வீரன். கிளேர் பணக்கார வீட்டுப் பெண். ஆலிசன் யாரோடும் ஒட்டாதவள். பெண்டர் போக்கிரி. சண்டை போடுகிறார்கள், கேலி செய்கிறார்கள், ஆடுகிறார்கள், அழுகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் படம்.

ஆனால் இந்தப் படத்தைப் பெற்றோர் பார்க்க வேண்டிய இடம் எது தெரியுமா? முதல் சில நிமிடம். பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிற கார்கள்! பிரையனின் அம்மா, சும்மா உட்காராதே, எப்படியாவது படி என்று விரட்டுகிறாள். ஆண்ட்ரூவின் அப்பா, ஒழுக்கம் கெட்டவனுக்கு எந்தக் கல்லூரியும் உதவித்தொகை தராது என்கிறார். மகன் செய்த தப்பைவிட உதவித்தொகை போவதுதான் அவருக்குக் கவலை. கிளேரின் அப்பா, தண்டனைக்கு வந்த மகளிடம் இதற்கு ஈடு செய்கிறேன் என்று தாஜா செய்கிறார். ஆலிசன் இறங்குகிறாள், ஏதோ சொல்லக் காரின் பக்கம் குனிகிறாள், கார் போயே போய்விட்டது. பெண்டருக்குக் காரே இல்லை. தனியாக நடந்து வருகிறான். ஐந்து வீட்டுக் கதையையும் அந்தப் பள்ளிக்கூட வாசலிலே சொல்லிவிட்டார் மனுஷன்! பிரையனின் அம்மாவாகவும் தங்கையாகவும் வருகிறவர்கள், அந்த வேடத்தில் நடித்த ஆண்டனி மைக்கேல் ஹாலின் சொந்த அம்மாவும் தங்கையுமே. சாயங்காலம் பிரையனைக் கூட்டிப் போக வருகிற அப்பா யார் தெரியுமா? இயக்குநர் ஜான் ஹியூஸேதான்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். நம்ம ஊரில் பிள்ளையின் தூக்குவாளியைத் திறந்து பார்த்தால் அந்த வீட்டு நிலைமை தெரிந்துவிடும். அங்கேயும் அதே கதைதான். கிளேருக்கு ஜப்பானிய சூஷி. மல்யுத்த வீரன் ஒரு பையைக் கவிழ்க்கிறான், கல்யாணப் பந்திக்குக் காணும்! பிரையனுக்கு, ஓரம் நறுக்கிய ரொட்டி, சூப், பழச்சாறு. அம்மா பார்த்துப் பார்த்துக் கட்டியது. ஆலிசன் ரொட்டியிலிருந்த கறியைத் தூக்கி எறிந்துவிட்டு, சர்க்கரைப் பொடியையும் பொரியையும் வைத்துக் கடகடவென்று கடிக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறோம். பெண்டரிடம் ஒன்றுமே இல்லை. அவன் பிரையனின் வீட்டைக் கேலியாக நடித்துக் காட்டுகிறான். அப்புறம், உங்க வீடு எப்படி என்று கேட்டதும், தன் வீட்டை நடித்துக் காட்டுகிறான். திட்டு, அடி, கையில் சுருட்டுச் சூட்டுத் தழும்பு. சிரித்த வாய் அப்படியே நின்றுபோகிறது. இது நகைச்சுவைப் படம், நடுவர் அவர்களே! (கைதட்டல்)

சரி, இதை யார் பார்க்க முடிந்தது? இங்கேதான் நம்ம தலைப்பு வருது. அமெரிக்கத் தணிக்கை முறையில் இந்தப் படத்துக்கு ‘ஆர்’ முத்திரை. 17 வயது ஆகாதவர்கள் பெற்றோரோ வேறு பெரியவரோ கூட வந்தால்தான் தியேட்டருக்குள் போகலாம். வேடிக்கையைப் பாருங்கள். பதினாறு வயசுப் பிள்ளை அப்பாவைப் பற்றிக் குறை சொல்கிற படம். அதைப் பதினாறு வயசுப் பிள்ளை பார்க்கணும்னா அப்பா கூட வரணும்! எந்தப் பிள்ளை ஐயா கூப்பிடும்? (சிரிப்பு)

அந்தக் கதவைத் திறந்தது கேசட். அந்தக் கேசட் ஓடிய பெட்டிக்கும் ஒரு கதை இருக்கு. 1976இல் யூனிவர்சல் நிறுவனமும் வால்ட் டிஸ்னி நிறுவனமும் சோனி மேல் வழக்குப் போட்டன. வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய வைக்கிற உங்கள் பீட்டாமேக்ஸ் எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது என்று. 1982இல் சினிமாத் தயாரிப்பாளர் சங்கத் தலைவர் ஜாக் வாலண்டி நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய், தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கழுத்தை நெரிக்கும் கொலைகாரன் எப்படியோ, சினிமாவுக்கு இந்தப் பெட்டி அப்படி என்றே சொன்னார். எதிரணி நண்பர் சற்றுமுன் பேசியதைக் கேட்டபோது எனக்கு வாலண்டி ஞாபகம்தான் வந்தது! (சிரிப்பு)

1984 ஜனவரி 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகள் இந்தப் பக்கம், நான்கு பேர் அந்தப் பக்கம். ஒரே ஒரு ஓட்டில் பெட்டி பிழைத்தது. அடுத்த ஆண்டு ‘பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ படத்தை வெளியிட்ட நிறுவனம் எது? அதே யூனிவர்சல்! எந்தப் பெட்டியை ஒழிக்கப் பார்த்தார்களோ, அந்தப் பெட்டிதான் அந்தப் படத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1980கள் முடிவதற்குள் அமெரிக்கப் படக் கம்பெனிகளுக்குத் தியேட்டர் வருமானத்தைவிட வீடியோ வருமானம் பெரிதாகிவிட்டது. புதுப்படக் கேசட் சுமார் 80 டாலர் விற்ற காலம் அது. யார் வாங்குவார்கள்? வீடியோ கடையில் ஓரிரு டாலருக்கு ஒரு ராத்திரி வாடகை. சனிக்கிழமை எடுத்து வந்தால் ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தரணும். ஒரு ராத்திரிதான் என்பதாலேயே குடும்பம் சேர்ந்து உட்கார்ந்தது.

எதிரணி அம்மையார் கேட்டார்கள், தியேட்டரில் நானூறு பேர் சேர்ந்து பார்த்தது ஒற்றுமை இல்லையா என்று. அம்மா, நானூறு பேரும் பார்த்தது திரையை; பக்கத்து நாற்காலியை இல்லை! தியேட்டரில் நான் எழுந்து நின்று, ‘ஆபரேட்டர் தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா, என் மகன்கிட்ட ஒரு கேள்வி கேட்கணும்’ என்று சொல்ல முடியுமா? வெளியே தள்ளிவிடுவான். வீட்டில் முடியும். அந்தப் பெட்டியில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் படம் அப்படியே நிற்கும். ‘ஏம்ப்பா, அந்தப் பையன் சொல்றானே, உனக்கும் அப்படித் தோணுதா?’ என்று கேட்கலாம். மனித குலம் கண்டுபிடித்த பொத்தான்களிலேயே பெற்றோருக்கு மிகவும் உதவியானது அதுதான்! (கைதட்டல்)

எதிரணியின் ஒரு வாதத்தை மட்டும் நான் சும்மா தள்ள மாட்டேன். அந்தப் படத்தில் கெட்ட வார்த்தை இருக்கு, கஞ்சா இருக்கு, பெண்டர் அந்தப் பெண்ணைப் படம் பூராவும் சீண்டுகிறான், கடைசியில் அவனுக்கே அவள் கிடைக்கிறாள். இது பிள்ளைகளுக்கு என்ன பாடம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதே கேள்வியை உங்களுக்கு முன்னாலேயே ஒருவர் கேட்டுவிட்டார். யார்? கிளேராக நடித்த மாலி ரிங்வால்டே கேட்டார்! படப்பிடிப்பின்போது அவருக்குப் பதினாறு வயது. பிற்காலத்தில் தன் பத்து வயது மகள் கேட்டாள் என்று, அவளோடு வீட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார். 2018இல் ‘தி நியூயார்க்கர்’ பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். மேசைக்கு அடியில் பெண்டர் செய்கிற அசிங்கத்தையும், அவன் கிளேரை நடத்துகிற விதத்தையும் ஒளிக்காமல் கேள்வி கேட்டார்.

ஆனால் அந்த வீட்டுக் கூடத்தில் வேறொன்றும் நடந்தது. மகள் எந்தப் பாத்திரத்தில் தன்னைப் பார்த்தாள் தெரியுமா? அம்மா நடித்த கிளேரில் இல்லை. மதிப்பெண் பாரம் சுமக்கிற பிரையனில்! அம்மாவின் எதிர்பார்ப்பு தன்னை எப்படி அழுத்துகிறது என்று அன்றைக்கு அந்தப் பிள்ளை வாய் திறந்தது. படத்தில் நடித்த தாய்க்கே, மகளின் மனசு அந்தப் படம் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இது தியேட்டர் இருட்டில் நடந்திருக்குமா? தப்பையும் சொல்லிக் கொடுக்க முடிந்தது, மனசையும் திறக்க முடிந்தது. இது பாலம் இல்லையென்றால் எது ஐயா பாலம்? (பலத்த கைதட்டல்)

அந்தப் பிரையன் என்ன சொல்கிறான்? பள்ளியில் ஒரு விளக்குச் செய்யச் சொன்னார்கள். யானை உருவம். தும்பிக்கையை இழுத்தால் விளக்கு எரியணும். இவனது எரியவில்லை. எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்குகிறவன், விளக்கில் ஃபெயில். வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? உயிரையே விட்டுவிடலாம் என்று நினைத்து, அபாயத்தில் வானத்தில் ஒளி விடுகிற துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டகத்தில் வைக்கிறான். அது அங்கேயே வெடித்துவிடுகிறது. யானை பொசுங்கிப் போனது என்று அவனே சொல்லிச் சிரிக்கிறான். மற்ற நான்கு பேரும் சிரிக்கிறார்கள். நாமும் சிரிக்கிறோம்.

ஆனால் அவையோரே, அந்தப் பிள்ளை இதை யாரிடம் சொல்கிறான்? அன்று காலையில்தான் பார்த்த நான்கு அந்நியர்களிடம்! ஓரம் நறுக்கி ரொட்டி கட்டிக் கொடுத்த அம்மாவிடம் சொல்லவில்லை. அன்பு இல்லாத அம்மாவா? இல்லை. அந்த ரொட்டியிலேயே அன்பு இருக்கு. ஆனால் அவள் கேட்டதெல்லாம் படிப்பு, படிப்பு, படிப்பு. ஒரு விளக்கு எரியாததற்காக ஒரு வீட்டு விளக்கு அணையப் பார்த்தது! இந்தக் காட்சி வரும்போது, வீட்டில் சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தகப்பன், அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டு, ‘தம்பி, நீ ஃபெயிலானாலும் நேரா வீட்டுக்கு வா, அப்பா இருக்கேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எத்தனை கேசட் வாடகை கொடுத்தாலும் தகும். (நீண்ட கைதட்டல்)

நிறைவாக ஒன்று. கேசட் போய் டிவிடி வந்தது, ப்ளூரே வந்தது. 2016இல் அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் சேர்க்கப்பட்டது. 2018இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட வீட்டு வட்டில், படத்தில் சேராமல் வெட்டப்பட்டதும் நீளம் குறைக்கப்பட்டதுமான 50 நிமிடக் காட்சிகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தியேட்டர்காரன் வெட்டியதைத்தான் காட்டுவான். வீட்டுக்கு வந்ததுதான் மிச்சத்தையும் காட்டியது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான். சாயங்காலம் வந்து, ‘ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் போச்சு’ என்று சொல்கிறதே, அது வெட்டித் தொகுத்த படம். வெட்டிப் போட்ட ஐம்பது நிமிஷம் அதன் நெஞ்சுக்குள்ளே இருக்கு. அதைக் கேட்க ஒரு கூடமும், ஒரு பொத்தானும், பக்கத்தில் உட்காரப் பெற்றவரும் வேணும். கூடத்தைக் கட்டினீர்கள். பொத்தானை வீடியோ கொடுத்தது. உட்கார வேண்டியது நீங்கள்தான்.

ஆகவே நடுவர் அவர்களே, விடலைப் பருவப் படங்கள் வீட்டு வீடியோவாக வந்தது குடும்பத்துக்குப் பாலமே, பாலமே என்று தீர்ப்பளிக்க வேண்டுமென்று கேட்டு அமர்கிறேன்.