ஆட்சி மாற்றமும் ஆரல் கடலும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆட்சிக் குழப்பத்தால் மக்கள் படும் இன்னலைப் பலரும் பேசுவர்; நிலமும் நீரும் அடையும் கேட்டைப் பேசுவார் சிலரே. இயற்கை தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. அரசு மாறலாம், அவ்வெல்லை மாறாது. இதனை மத்திய ஆசியாவிலுள்ள ஆரல் கடலின் வரலாறு கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

கடல் என்று பெயர் பெறினும் அஃது ஓர் உப்பேரியே. கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையே கிடப்பது. 1960-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் உலகின் நான்காவது பெரிய ஏரியாக விளங்கிற்று. அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரு பேராறுகளே அதற்கு உயிர். சோவியத் அரசினர் வறண்ட நிலத்தைப் பருத்தி வயலாக்கக் கருதி, அவ்வாறுகளின் நீரைக் கால்வாய்களில் திருப்பினர். வரும் நீர் குறைந்தது. வெயிலில் ஆவியாகும் நீரோ குறையவில்லை. 1987-ஆம் ஆண்டளவில் ஏரி வடக்கும் தெற்குமாகப் பிரிந்தது. மொய்நாக் என்னும் துறைமுக ஊரில் மீன்பிடி கப்பல்கள் மணலில் நின்றன. உப்பும் பூச்சி மருந்தும் கலந்த புழுதி எழுந்து குடிகளின் உடல்நலத்தைக் கெடுத்தது.

1991-ல் சோவியத் ஒன்றியம் சிதைந்தது. தீங்கு செய்த அரசு ஒழிந்தமையால் ஏரி பிழைத்திருக்கும் என எண்ணுவீர்கள். அங்ஙனம் நிகழவில்லை. காரணம் யாதெனின், பழைய அரசு பல தீங்கு இழைப்பினும் ஒரு கொடுக்கல் வாங்கலை நடத்தி வந்தது. மேட்டு நிலமாகிய கிர்கிஸ்தான், தொக்தோகுல் நீர்த்தேக்கத்தில் நீரைச் சேமித்துக் கோடையில் கீழ்நாட்டு வயல்களுக்கு விடும். கைம்மாறாகக் கீழ்நாடுகள் குளிர்காலத்திற்கு நிலக்கரியும் எரிவாயுவும் அனுப்பும். ஐந்து தனி நாடுகள் தோன்றின. அவை 1992-ல் கூடிப் பழைய நீர்ப்பங்கையே தொடர உடன்பட்டன. ஆயினும் எரிபொருள் பழையபடி வரவில்லை, விலை கேட்கப்பட்டது. பொருளற்ற கிர்கிஸ்தான் மின்சாரத்தின் பொருட்டுக் குளிர்காலத்திலேயே நீரைத் திறந்தது. கீழ்நிலங்களில் குளிரில் வெள்ளமும் கோடையில் நீர்ப்பஞ்சமும் நேர்ந்தன. கிர்கிஸ்தானைக் குறை கூறுதல் எளிது. குளிரில் நடுங்கும் பிள்ளைகளை உடையார்க்கு வேறு வழி யாது?

இதன் பின்னர் நிகழ்ந்தவை இரண்டு. வடபகுதியில் கஜகஸ்தான் உலக வங்கியின் உதவியோடு 2005-ல் கோக்அரல் என்னுமிடத்தில் சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள அணையைக் கட்டி முடித்தது. நீர் உயர்ந்தது, உப்புக் குறைந்தது, மீனும் மீனவரும் திரும்பினர். தென்பகுதியோ மேலும் சுருங்கிற்று. 2014-ல் அதன் கீழைப் பகுதி முற்றும் வறண்டது.

இவ்வரலாற்றினின்று யாம் தெளிவது ஒன்று. முன்னை அரசு எல்லையை மதியாது நீரைக் கவர்ந்தது. பின்னைக் குழப்பமோ இருந்த உடன்பாட்டையும் கலைத்தது. ஆட்சி வீழ்வதனால் மட்டும் ஆறு மீளாது. புதிய உடன்பாடு செய்து, அதனை நாள்தோறும் காப்பார் இருந்தாலன்றி எம்மாற்றமும் இயற்கைக்கு நன்மை பயவாது.

அன்பர்களே! மாற்றம் வேண்டுதல் தவறன்று. அது வேண்டுமிடத்து வேண்டுக. ஆயின் அரியணை யாருக்கு என்று கேட்கும்போதே, நீர்ப்பங்கு யாருடைய பொறுப்பு என்றும் கேளுங்கள். நம் பிள்ளைகளையும் அங்ஙனம் கேட்கப் பழக்குவோமாக.