காந்தளும் ஜானகி அம்மாளும்
(சித்திரபுரம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருந்து என்றதும் நம் நினைவு சீசாவின்மேல் செல்கிறது. அதனைத் தந்த செடியின்மேல் செல்வதில்லை. காந்தளை நீங்கள் அறிவீர்கள். சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமை கூறிய மலர் அது. அதன் கிழங்கோ கொடிய நஞ்சு. அந்நஞ்சாகிய கால்ச்சிசின், அளவறிந்து கொடுக்குங்கால் மூட்டு வீங்கி வலிக்கும் கௌட் நோய்க்கு மருந்தாகிறது.

இப்பொருளுக்கு வேறொரு வல்லமையும் உண்டு. உயிரணுக்குள்ளே குரோமோசோம் எனப்படும் நிறக்கோல்கள் உள்ளன. நாம் நாள்தோறும் கிள்ளும் தேயிலையின் அணுவில் அவை 30. அணு பிரியுமுன் ஒவ்வொரு கோலும் இரட்டிக்கிறது; பின் நுண்ணிழைகள் அவற்றை இருபுறமும் இழுத்துப் பிரிக்கின்றன. கால்ச்சிசின் அவ்விழைகளை உருவாகவிடாது. அணு பிரியாமல் நிற்கக் கோல்கள் மட்டும் இருமடங்காகிவிடும். அச்செடியின் இலையும் இதழும் பெரும்பாலும் தடித்து வளரும்.

இங்கிலாந்தின் விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளிடம் இதனைச் செய்து பார்த்தவர் டாக்டர் ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மணம் செய்துகொள்ளவில்லை. பெண்ணுக்கு எட்டாம் வகுப்பே போதும் என்று நம் லயங்களில் இன்னும் சொல்வோர் உளர். அவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. இவ்வம்மையார் வீட்டோடு நின்றிருந்தால் 1945-இல் டார்லிங்டனும் அவரும் சேர்ந்து வெளியிட்ட, பயிர்களின் நிறக்கோல் எண்ணிக்கை நூலில் அவர் பெயர் இராது.

நமக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலும் அவர் பணிபுரிந்தார். நாணல் இனத்துக் காட்டுப்புல்லைக் கலந்தே அங்கே உறுதியான கரும்பு வகைகள் உண்டாயின. இனிப்பில்லாத புல்தானே என்று அதனை அழித்திருந்தால் என்னாகியிருக்கும்?

பிற்காலத்தில் ஜம்முவின் ஆராய்ச்சிக்கூடத்தில் மருந்துச் செடிகளை ஆராய்ந்தார். ஒரே மூலிகையாயினும் நிறக்கோல் எண்ணிக்கை மாறினால் அதன் சத்தும் மாறக்கூடும். ஆகவே காட்டில் ஒரு வகை அழியின், நாம் இன்னும் காணாத மருந்தொன்றும் அதனோடு அழியலாம்.

பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கை நீரில் மூழ்கடிக்கவிருந்த மின்திட்டத்தை, எண்பது வயது கடந்த பின்னும் அவர் எதிர்த்ததன் காரணம் இதுவே. 1984 பெப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.