காண்போர் மெய்ப்பாடு



பாடுவோரைப் பற்றிப் பேசும் மேடைகள் பல. கேட்போரையும் காண்போரையும் பற்றிப் பேசும் மேடைகள் சிலவே. பத்தாண்டுகளாகக் கவிதை கேட்டே முதிர்ந்த ஓர் அவையில் காண்போரின் உள்ளத்தை ஆராய்வது பொருந்தும். அதற்கு, தமிழ்நிலத்துக்கு முற்றிலும் அயலான ஒரு விழா இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அயலிடத்தில் வைத்துப் பார்க்கும்போது, பழக்கத்தால் மழுங்கிய சில உண்மைகள் கூர்மையாகத் தெரிவதுண்டு.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் வான் மலைத்தொடரின் மடியில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 7,800 அடி உயரத்தில் யூரே என்றோர் ஊர் உள்ளது. மக்கள்தொகை ஆயிரத்திற்கும் குறைவு. வெள்ளிச் சுரங்கத்தால் 1876-இல் எழுந்த ஊர் அது. அதன் பெயரோ, அந்நிலத்துக்குரிய யூட் பழங்குடியினரின் தலைவர் ஒருவருடையது. அவர் 1880-இல் மறைந்தார். மறு ஆண்டே அவருடைய மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். பெயரை வைத்துக்கொண்டு மக்களை அனுப்பிவிடுவது வரலாற்றுக்குப் புதிதன்று.

ஊரின் விளிம்பில் அன்கம்பாக்ரே என்னும் ஆறு பாறையை அறுத்து, குறுகிய ஆழமான ஒரு பிளவை உண்டாக்கியிருக்கிறது. மின்நிலையத்துக்கு நீர் கொண்டுசெல்லும் பழைய குழாய் ஒன்று அப்பிளவின் மேலாகச் செல்கிறது. அதிலிருந்து கசிந்த நீர் குளிர்காலத்தில் பாறையில் வழிந்து உறைந்து தொங்கியது. மலையேறுவோர் சிலர் அதைக் கண்டு ஏறத் தொடங்கினர். பிறகு, கசிவை நம்பியிராமல் வேண்டுமென்றே நீரை விட்டால் என்ன என்னும் எண்ணம் ஊரார் சிலருக்குத் தோன்றியது. 1990-களின் நடுவில் அங்கே பனிப்பூங்கா உருவாயிற்று. பிளவின் விளிம்பு நெடுகக் குழாய்களும் அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட தூவாலைகளும் அமைக்கப்பட்டுள்ளன. குளிர் கடுமையாகும் இரவுகளில் தூவாலைகள் திறக்கப்படும். விடியும்போது பாறையின்மேல் ஒரு புதிய படலம் ஏறியிருக்கும். இவ்வேலையைச் செய்வோருக்கு அங்கே வழங்கும் பெயர் பனி உழவர். உழவு என்னும் சொல்லை உறைந்த நீருக்கு ஆண்டவர் எவராயினும் அவரும் ஒருவகையில் கவிஞரே.

அப்பூங்காவில் ஆண்டுதோறும் ஜனவரியில் நிகழ்வதே உறைபனி ஏற்ற விழா. அதை 1996-இல் தொடங்கியவர் ஜெஃப் லோ. வழக்கமாக மலையடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதே காண்போரின் நிலை. யூரேயில் அது தலைகீழாகிறது. காண்போர் பிளவின் விளிம்பிலும் பாலத்திலும் நிற்கின்றனர். ஏறுபவர் கயிற்றில் ஆழத்துக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து காண்போரை நோக்கி ஏறி வருகிறார். முதலில் தெரிவது தலைக்கவசம் மட்டுமே. முகம் தெரிய நெடுநேரமாகும்.

கண்ணுக்கு முன்பே காதுக்கு வேலை வந்துவிடுகிறது. இரு கைகளிலும் வளைந்த அலகுடைய சிறு கோடரிகள்; காலணியின் முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு முட்கள். கோடரி நல்ல பனியில் பதிந்தால் ஓசை கனமாகவும் சுருக்கமாகவும் எழும். பிடிப்பற்ற பனியானால் உள்ளீடற்ற பானையைத் தட்டியது போன்ற ஒலி கேட்கும். மிகுந்த குளிரில் பனி கண்ணாடிபோல் இறுகி, அடித்த இடத்தில் வட்டத் தட்டுகளாகப் பெயர்ந்து விழும். சற்றே வெயில் கண்ட பனியோ குழைந்து அலகை வாங்கிக்கொள்ளும். காலையில் வந்த புதியவர் நண்பகலுக்குள் இந்த வேறுபாட்டைச் செவியாலேயே அறியத் தொடங்குவார். பொய்யான ஓசை கேட்டதும் பாலம் முழுவதும் மூச்சை அடக்குகிறது. யாப்பறியாதவரும் தளை தட்டுவதைச் செவியால் உணர்வது போன்றது இது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நிலைக்களனாக அணங்கையும் விலங்கையும் கள்வரையும் இறைவனையும் காட்டுகிறார். உயரம் அப்பட்டியலில் இல்லை. குறிஞ்சி பாடிய மரபுக்கு உயரம் அஞ்சத்தக்க பொருளாகத் தோன்றவில்லை போலும்! இவ்வியலுக்கு உரைகண்டோர் சுவைக்கப்படும் பொருள், அதை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல் என நான்காகப் பகுத்துக் காட்டுவர். யூரேயின் பாலத்தில் நிற்பவரிடம் இந்நான்கையும் காணலாம். உறைகுளிரில் அவர் உள்ளங்கை கையுறைக்குள் வியர்க்கிறது. ஏறுபவரின் கால் வழுக்கும்போது இவர் கால் ஊன்றி அழுந்துகிறது. மெய்ப்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயின் பாலத்தில் தோன்றும் அச்சமும் பனிச்சுவரில் தோன்றும் அச்சமும் ஒன்றா? அன்று. ஏறுபவரின் அச்சத்துக்குச் செய்ய வேலை இருக்கிறது. அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதில் அது செலவாகிவிடுகிறது. மிஞ்சிய நடுக்கம் காலில் இறங்குகிறது. துடிக்கும் அக்காலைத் தையல் இயந்திரக் கால் என்று அவர்களே எள்ளிக்கொள்வர். காண்பவரின் அச்சத்துக்கோ வேலை ஏதும் இல்லை. வேலையற்ற அச்சம் இன்பமாக மாறுகிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கயிறு தாங்கும் என்பதை அறிந்த கூட்டத்தினுள், விழுவதைக் காணும் ஆவலும் ஓரமாய் ஒதுங்கி நிற்கிறது. கோடரி நழுவி ஏறுபவர் வெட்டவெளியில் ஊசலாடும்போது எழும் ஓலத்தில் இரக்கம் எவ்வளவு, நிறைவேறிய ஆவல் எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது கடினம்.

இதனினும் ஆழமான ஓர் இடைவெளி உண்டு. கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி நெடுநேரம் தொங்குவதால் அவற்றில் குருதியோட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போகின்றன. ஏறி முடித்துக் கைகளைத் தாழ்த்தியதும் குருதி திரும்பப் பாய்கிறது. அப்போது எழும் வேதனை கதறவும் குமட்டவும் வைக்கும். அவ்விரண்டையும் சேர்த்தே அதற்குப் பெயரிட்டுள்ளனர். ஏறும்போது வராத வலி, ஏறி முடித்தபின் வருகிறது. கூட்டம் கைதட்டும் நேரமும் அதுதான். மேலே ஆரவாரம், அருகிலேயே ஒருவர் முழங்காலிட்டுக் கைகளை மார்போடு அணைத்துக் கொண்டிருக்கிறார். பெருமிதம் இன்னதெனப் பாலத்தில் நிற்பவர் முழுதும் அறிந்துவிட்டதாக எண்ணும் கணத்தில், அதற்குரியவர் வேறெங்கோ இருக்கிறார். கவிதை முடிந்து அவை ஆர்ப்பரிக்கும்போது கவிஞர் முகத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

விழாவைத் தொடங்கிய ஜெஃப் லோவின் வாழ்வு இவ்விரு நிலைகளையும் கண்டது. 1974-இல் மைக் வைஸ் என்பவரோடு, டெல்லுரைட் ஊரருகே உறைந்து நின்ற 365 அடி உயர பிரைடல் வெயில் அருவியில் முதன்முதலாக ஏறியவர் அவர். 1991-இல் ஸ்விட்சர்லாந்தின் ஐகர் சிகரத்து வடமுகத்தில், குளிர்காலத்தில், தன்னந்தனியாகப் புதுவழி கண்டார். அவ்வழியை வேறெவரும் ஏறி முடிக்க 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் பிற்காலத்தில் நரம்புநோய் ஒன்று அவர் உடலைச் சிறிது சிறிதாகக் கட்டிப்போட்டது. சக்கர நாற்காலி வந்தது. பின்னர் பேச்சும் போயிற்று. கருவியின் துணையால் சொற்களை வெளியிட்டார். 2018-இல் மறைந்தார். அவ்விறுதி ஆண்டுகளில் மலையைக் காண மட்டுமே அவரால் இயன்றது. தொல்காப்பியர் பெருமிதத்தின் நிலைக்களன்களில் தறுகண்மையோடு கொடையையும் வைத்திருப்பது ஈண்டு நினையத்தக்கது. ஏறும் ஆற்றலைக் காலம் பறித்துக்கொண்டது. பிறர் ஏறவும் காணவும் அவர் ஏற்படுத்தித் தந்த விழாவை அதனால் பறிக்க இயலவில்லை.

காண்போர் அங்கே வெறும் கூட்டமும் அல்லர். பூங்காவை நடத்துவது இலாபம் கருதாத அமைப்பு. விழாவில் திரளும் நன்கொடையும் மாலை ஏலங்களும் அதற்கு இன்றியமையாதவை. ஆயினும் பணம் தர முடியாத ஒன்று உண்டு. நீர் உறையக் கடுங்குளிர் வேண்டும். உறைய வைக்கப் போதிய நீரும் வேண்டும். வெப்பம் மிகும் குளிர்காலங்களில் பருவம் சுருங்குகிறது. ஊரின் உபரிநீரையே நம்பியிருந்த பூங்காவுக்கு நீர்ப்பற்றாக்குறையும் நேர்ந்தது. அண்மையில் பக்கத்துச் சுரங்க நிறுவனமொன்று தனக்கு உரிமையான நீரில் ஒரு பகுதியைத் தர முன்வந்துள்ளது. அதனால் நீர் கிடைக்கலாம். குளிரை யார் தருவார்?

விழா நாளின் மாலையில் பாலம் வெறுமையாகிறது. காண்போர் ஊரின் வெந்நீர் ஊற்றுக்குளத்தை நாடிச் செல்கின்றனர். பகல் முழுதும் கோடரிகள் கொத்திய பனிச்சுவர் அம்மைத் தழும்பேறிய முகம்போல் நிற்கிறது. இருள் இறங்கியதும் பனி உழவர் விளிம்போரமாக நடந்து, வெப்பமானியைப் பார்த்து, ஒவ்வொரு குழாயாகத் திறந்துகொண்டே போகின்றனர். அந்நேரத்தில் அங்கே காண்போர் ஒருவரும் இல்லை.