புற்றுக்குப் பால் வார்க்கும் பக்தி



ஆடி வெள்ளி வந்துவிட்டால் மலேசியாவில் அம்மன் கோயில்கள் பலவற்றில் புற்றடியில் கூட்டம் கூடிவிடும். பிள்ளை வரம் கேட்பவர்களும் நாகதோஷம் நீங்க வேண்டுபவர்களும் விரதமிருந்து, பால் சொம்போடு வரிசையில் நிற்பார்கள். அந்த வேண்டுதலில் பொய் இல்லை. ஆனால், பாம்பு பால் குடிக்குமா?

பால் பாம்பின் உணவன்று. பாம்பு ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. அதன் குட்டி தாய்ப்பால் குடித்து வளர்வதில்லை. பாலைச் சரியாகச் செரிக்கவும் அதனால் முடியாது. நாகத்தின் இரை எலி, தவளை போன்றவையே. புற்றையும் பாம்பு கட்டுவதில்லை. கறையான் கட்டிய வீட்டில் அது குடியேறுகிறது.

அப்படியானால், இந்தியாவில் நாகபஞ்சமியன்று பாம்பாட்டியின் கூடையிலுள்ள நாகம் பால் குடிப்பதைப் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்களே? அது தாகத்தின் கொடுமை. பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்த பாம்பு எதைக் கொடுத்தாலும் குடிக்கும். அதன் நச்சுப்பல்லைப் பிடுங்குகிறார்கள். சிலர் வாயையும் தைத்துவிடுகிறார்கள். அந்தப் பாலும் காயமும் சேர்ந்து அதன் உயிரையே வாங்கிவிடுவதுண்டு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாகத்தைப் பிடித்து வைப்பது குற்றம். ஆனாலும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை.

"கண்ணப்பர் இறைச்சி படைத்தாரே, இறைவன் ஏற்கவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்லும் கண்ணப்பர் முறை அறியாதவர். ஆனால் காளத்தியப்பர் கண்ணில் இரத்தம் வழிந்தபோது, அவர் தமக்குப் பழகிய பூசையைச் செய்துகொண்டிருக்கவில்லை. பச்சிலை பிழிந்தார். பயனில்லை என்றதும் தம் கண்ணையே அப்பினார். எதிரே இருப்பவருக்கு என்ன தேவை என்று பார்த்த அன்பு அது.

நாகத்துக்கு என்ன தேவை? அதன் புற்றில் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவதுதான். செம்பனைத் தோட்டங்களில் பழக்குலைகளைக் கடிக்கும் எலிகளைத் தின்று உதவுவதும் பாம்புதான். வெள்ளிக்கிழமை புற்றைக் கும்பிட்ட கை, சனிக்கிழமை வீட்டுக்குள் பாம்பு வந்தால் கம்பைத் தேடுகிறது. அப்போது 999க்கு அழைத்தால், பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துச் செல்வார்கள்.

வேண்டுதலை விட வேண்டியதில்லை. கல்லில் வடித்த நாகருக்கு ஒரு கரண்டிப் பாலால் அபிஷேகம் செய்யலாம். மீதிப் பாலைக் காய்ச்சி, கோயிலுக்கு வரும் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். கோயில் நிர்வாகங்கள் இந்த ஆடியிலேயே இதைத் தொடங்கலாமே.