வார்டில் செய்த நட்சத்திரங்கள்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



மருத்துவமனையின் வரவு செலவையும் புதிய கட்டடத்தையும் பற்றி ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பத்து நிமிடத்தில், டிசம்பர் மாதச் சனிக்கிழமைகளில் சிறுபிள்ளைகள் வார்டில் நடக்கும் ஒரு சிறு வேலையைச் சொல்ல விரும்புகிறோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்கள் செய்வதுதான் அந்த வேலை.

உங்களில் பலர் வருஷந்தோறும் கடையில் வாங்கிய தோரணங்களையும், பளபளக்கும் உருண்டைகளையும், சீரியல் பல்புகளையும் அன்போடு அனுப்புகிறீர்கள். அவை முன்வாசலிலும் சிற்றாலயத்திலும் தொங்குகின்றன, வார்டுக்குள் போவதில்லை. அதன் காரணத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஜிகினாத்தூள் கட்டுப்போட்ட புண்ணிலும் கண்ணிலும் போய் ஒட்டிக்கொள்ளும். உருண்டை உடைந்தால் சில்லு படுக்கையில் கிடக்கும். சிறு மணிகளைக் கைக்குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும். பஞ்சைப் பிய்த்துப் பனி என்று ஒட்டுகிறோமே, அது தீயை உடனே பிடிக்கும். நம்முடைய ஊரில் பனிமழை பெய்ததை யார் கண்டார்கள்? ஆக்சிஜன் ஓடும் இடத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. ஆகவே வார்டில் தாள், ஈர்க்கு, நூல், பசை, இந்த நான்கும்தான். பசையும் மைதாமாவைக் காய்ச்சி அன்றன்றைக்குச் செய்வது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பது நம்மவர் வழக்கம். அது விஷம், பிள்ளைகள் விரலைச் சூப்புவார்கள், ஆகையால் சேர்ப்பதில்லை.

செய்கிற முறையும் எளிதானதே. தென்னை ஈர்க்கு பத்து, ஒரே நீளமாய். ஐந்தைக் கட்டி ஒரு நட்சத்திரம், மற்ற ஐந்தைக் கட்டி இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். உள்ளே ஈர்க்குகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில், விரல் நீளக் குச்சி ஒவ்வொன்றை முட்டுக்கொடுத்தால் நடுப்பாகம் உப்பி நிற்கும். அதன்மேல் வர்ணத்தாளை ஒட்டினால் முடிந்தது. நம் வீட்டு வாசல்களில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டின பெரிய நட்சத்திரத்தின் குட்டிதான் இது. மூங்கில் சிம்பு விரலில் ஏறும் என்பதால் ஈர்க்கு.

நட்சத்திரத்துக்கும் வீட்டைவிட்டுத் தூரமிருக்கும் பிள்ளைகளுக்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மனியில் மொரேவிய சபையார் நடத்திய விடுதிப் பள்ளிகளில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாணவர் கணிதப் பாடத்துக்காகத் தாளை மடித்துப் பல முனையுள்ள நட்சத்திரங்களைச் செய்தார்கள். அங்கே படித்தவர்களில் பலர் மிஷனெரிகளின் பிள்ளைகள். தாய் தகப்பன் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். அந்த நட்சத்திரம் இன்றும் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் கையால் செய்யப்படுகிறது. 1760-இல் நமது தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்ததும் இதே சபையார்தான். ஆனால் நட்சத்திரம் பிறக்குமுன்பே அவர்கள் இங்கிருந்து போய்விட்டார்கள்.

இனி எங்கள் வார்டுக்கு வருவோம். 2023-ஆம் வருஷம் தீபாவளி நவம்பர் 12-இல் வந்தது. தீபாவளி வெளிச்சம் ஊரில் அடங்கினபின் அதன் மீதி எங்களிடம் வரும். அந்த வருஷம் வந்தவர்களில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. அணைந்துபோன புஸ்வாணம் என்று நினைத்துக் கையில் எடுத்திருக்கிறாள். வலது கை வெந்துபோய், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டியதாயிற்று. துணைக்கு அவளுடைய ஆச்சி.

தீப்புண்ணைக் குறித்து ஒன்று சொல்லவேண்டும். ஆறுவது வேறு, கை பழையபடி ஆவது வேறு. ஆறின தழும்பு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். விரல்களை உள்நோக்கி இழுக்கும். அசைக்காமல் வைத்தால் மடங்கினபடியே நின்றுவிடும். அசைத்தாலோ பிள்ளைக்கு வலி. பிசியோதெரபி செய்யும் சகோதரி வரும் சத்தம் கேட்டாலே இவள் போர்வைக்குள் போய்விடுவாள். தாளைக் கிழிப்பதும், மடிப்பை நகத்தால் நீவுவதும், நூலைக் கிள்ளிப் பிடிப்பதும் தாம் செய்யச் சொல்லும் பயிற்சிகளேதான் என்று அந்தச் சகோதரியே எங்களிடம் சொன்னார். டாக்டர் அனுமதித்த பின்பு, டிசம்பர் 2-ஆம் தேதி சனிக்கிழமை அவள் கட்டிலண்டை ஒரு பலகையை வைத்தோம்.

ஆச்சி தயங்கினார்கள். "நாங்க வேதக்காரங்க இல்லையே சாமி, பிள்ளை இதைச் செய்யலாமா?" என்றார்கள். பிறகு மெதுவாக, "இதுக்குத் துட்டு எவ்வளவு கட்டணும்?" என்றும் கேட்டார்கள். துட்டு ஒன்றும் இல்லை, பிரசங்கமும் இல்லை, உங்களுக்குச் சம்மதமானால் மட்டும் என்றோம். படுக்கையில் கிடக்கும் பிள்ளை எழுந்து போகமுடியாது. அதன் தலைமாட்டில் நின்று வேதம் போதிப்பதை நாங்கள் ஊழியமாக எண்ணுவதில்லை. கேட்டால் சொல்வோம். அவள் கேட்டது, "இதுக்கு ஏன் அஞ்சு மூலை?" என்பதுதான்.

முதல் வாரம் இடது கையாலேயே கிழித்தாள். இரண்டாம் வாரம் வலது கை தாளை அழுத்திப் பிடித்தது. மூன்றாம் வாரம் பெருவிரலும் சுட்டுவிரலும் நூலைக் கிள்ளின, அழுதாள், விடவில்லை. டிசம்பர் 23-இல் ஐந்தாம் முனையின் முடிச்சை இரண்டு கையாலும் அவளே போட்டாள். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்கள்.

மற்ற நட்சத்திரங்களுக்குள் சிறு பல்பு வைக்க எலெக்ட்ரீஷியன் வந்தார். இவளுடையதை எடுத்ததும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "விளக்கு வேண்டாம்" என்றாள். வேண்டாம் என்றால் வேண்டாம். கட்டிலுக்கு எதிரே ஜன்னலில் அப்படியே கட்டினோம். காலை வெயில் சிவப்புத் தாளின் வழியாக அவள் விரிப்பில் விழுந்தது. மறுநாள் இரவு கீதபவனி வந்த வாலிபர், எங்கள் வேண்டுகோளின்படி மெழுகுவர்த்திகளைச் சிற்றாலயத்திலேயே வைத்துவிட்டு, வெறுங்கையாய் வந்து பாடினார்கள்.

அவள் கை முழுவதும் நிமிரவில்லை. வளருகிற பிள்ளை, தழும்பு கூடவே வளராது. இன்னும் ஓர் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். அதற்குரிய செலவு உங்கள் காணிக்கையிலிருந்தே வரவேண்டும்.

இந்த வருஷமும் டிசம்பர் வருகிறது. பல்பும் தோரணமும் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் வர்ணத்தாளும், முனை மழுங்கிய கத்தரிக்கோலும் வாங்கிக் கொடுங்கள். கத்தரிக்கோல் எத்தனை வந்தாலும் கொள்ளும். ஒரு பிள்ளை பிடித்ததைக் கழுவித் துடைக்காமல் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கமுடியாது. தென்னை மரமுள்ளவர்கள் ஈர்க்கைச் சீவிக் காயவைத்துக் கட்டிக் கொண்டுவாருங்கள், பச்சையாய் வேண்டாம், வளைந்துவிடும். வாசலண்டை ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம்.