வழு தேடுவோரின் கொப்பி

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியருக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். என் தங்கையும் இப்பாடசாலையில் படித்தவள்தான். இன்று அவள் ஒரு மென்பொருள் பொறியியலாளர். எந்தக் கருவி எதற்கு உதவியது, எந்த வழு எப்படிப் பிடிபட்டது, ஓய்வுநேரத்தில் எதைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தாள் என்பவற்றையெல்லாம் பல வருடங்களாகக் கொப்பிகளில் எழுதி வருகிறாள். ஒரு விடுமுறையில் அவற்றைப் புரட்டினேன். வைத்தியசாலையில் நாங்கள் எழுதும் பெட் ஹெட் ரிக்கற்றை வாசிப்பதுபோலவே இருந்தது. திகதி, நேரம், கண்டது, செய்தது, அதன் விளைவு. இந்த ஒற்றுமையைப் பற்றியே சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

நாம் வழு என்பதை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி, என்பார்கள். இயந்திரக் கோளாறுகளுக்கு எடிசன் 1878 ஆம் ஆண்டிலேயே அச்சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் ஓர் உண்மையான பூச்சியே அகப்பட்டது. 70 ஆம் இலக்க ரிலேயில் சிக்கியிருந்த அந்துப்பூச்சி அது. அதைக் கண்டவர்கள் எடுத்தெறிந்துவிட்டுப் போகவில்லை. பிற்பகல் 3.45 என்று நேரத்தைக் குறித்து, பூச்சியைப் பதிவேட்டிலேயே ஒட்டிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்வோர் பூச்சியைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அந்தப் பதிவேடுதான் பெரிதாகத் தெரிகிறது.

குறித்துவைப்பதும் கேட்பதும் உயிரோடு சம்பந்தப்பட்டவை என்பதற்கு என் துறையிலிருந்து ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பதற்காகக் கனடாவில் தயாரிக்கப்பட்ட, கணினியால் இயக்கப்பட்ட இயந்திரம். 1985 க்கும் 1987 க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர் அதனால் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். அவர்களுள் சிலர் இறந்தே போனார்கள். முதலாவது நோயாளி, சிகிச்சை நடக்கும்போதே தனக்குச் சுட்டுவிட்டது என்று முறையிட்டார். அப்படி நடக்கவே முடியாது என்ற பதில்தான் கிடைத்தது.

1986 மார்ச் மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில், இயந்திரத்தை இயக்கிய பெண் இலத்திரன் கற்றைக்குரிய எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் கதிருக்குரிய எழுத்தை அடித்துவிட்டு, உடனே திருத்தினார். திரையில் 'கோளாறு 54' என்று வந்தது. அதற்குமேல் விளக்கம் எதுவுமில்லை. தயாரிப்பாளரின் பொறியியலாளர்கள் வந்து சோதித்தார்கள். பிழை மீண்டும் தோன்றவில்லை. இயந்திரம் வேலைக்குத் திரும்பியது. ஏப்ரலில் அதே இயந்திரத்தில், அதே 54 உடன், இன்னொரு நோயாளி பாதிக்கப்பட்டார்.

அப்போது அந்த வைத்தியசாலையின் பௌதிகவியலாளர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணையே அருகில் இருத்திக்கொண்டார். எந்த விசை முதலில், எது அடுத்தது, எவ்வளவு வேகம் என்று அவர் ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்ல, இருவரும் திரும்பத் திரும்ப முயன்றார்கள். இறுதியில் நினைத்தபோதெல்லாம் அந்தப் பிழையை வரவழைக்க முடிந்தது. காரணம் வேகம்தான். காந்தங்கள் சீராவதற்கு ஏறத்தாழ 8 செக்கன் தேவை. அதற்குள் திருத்தி முடித்தால் அந்தத் திருத்தத்தை மென்பொருள் முழுமையாக ஏற்கவில்லை. மெதுவாக அடித்துச் சோதித்தவர்களிடம் ஒளிந்திருந்த வழு, நாளாந்தம் வேலைசெய்து பழகிய கைக்கு வெளிப்பட்டது.

இன்னொன்றும் பின்னர் தெரியவந்தது. முந்திய மாதிரியான தெராக்-20 இலும் இதே வழு இருந்தது. அதில் தனியான பாதுகாப்புச் சுற்றுகள் இருந்ததால் பியூஸ் எரிந்ததே தவிர, நோயாளி எரியவில்லை. புதிய மாதிரியில் மென்பொருளை நம்பி அந்தக் காவலை அகற்றிவிட்டார்கள்.

தங்கையின் கொப்பியில் மூன்று விதிகள் அடிக்கடி வருகின்றன. முதலாவது, பிழையை மீண்டும் வரச்செய். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்று. மூன்றாவது, தேடும் இடத்தைப் பாதி பாதியாகக் குறை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் தொடங்கிய 'கிட்' என்ற கருவியில் மூன்றாவது விதிக்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஆயிரம் மாற்றங்களுள் குழப்பம் செய்த ஒன்றைச் சுமார் 10 சோதனைகளில் அது காட்டிக்கொடுக்கும்.

எங்கள் தொழிலில் இரண்டாவதும் மூன்றாவதும் ஓரளவு பொருந்தும். முதலாவது பொருந்தாது. நோயாளிக்கு வந்த வலிப்பை நாங்கள் மீண்டும் வரவழைத்துப் பார்க்க முடியாது. ஆகவே முதன்முறை கண்டபோது எழுதிய குறிப்புத்தான் எங்களுக்கு எல்லாமே. என்னிடம் வரும் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களிடம், "நோயாளி பரவாயில்லை என்று எழுதாதீர்கள் பிள்ளைகள், நாடித்துடிப்பு எத்தனை, அப்போது நேரம் என்ன என்று எழுதுங்கள்" என்பேன். பரவாயில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். எண்ணும் நேரமும்தான் சாட்சி. நோயாளியோ தாதியோ சொன்னது நம்பமுடியாததாகத் தோன்றினாலும், அவர்கள் சொன்ன சொல்லிலேயே அதை எழுதவேண்டும்.

தங்கைமாரே, கணினியைத் திறந்து பாருங்கள், பழைய வானொலியைக் கழற்றிப் பாருங்கள். ஆனால் கழற்றுமுன் எழுதுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்பதை நாளைக்குச் சொல்லப்போவது உங்கள் ஞாபகம் அல்ல, உங்கள் கொப்பிதான். ஒருவர் வந்து "இது வேலை செய்யவில்லை" என்று சொன்னால், "அப்படி நடக்காது" என்று சொல்லாமல், "என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் பொறியியலாளரானாலும் வைத்தியரானாலும் அந்தக் கேள்வி ஒருவரைக் காப்பாற்றும்.

நூற்றாண்டை முன்னிட்டு எமது சங்கம் கணினி ஆய்வுகூடத்துக்கு உதவ முன்வந்திருக்கிறது. என் பங்காகவும் தங்கையின் பங்காகவும் ஒவ்வொரு கணினிக்கு அருகிலும் ஒரு தடித்த சீஆர் கொப்பியும் பேனையும் வைக்க அனுமதி கேட்கிறேன். யார் என்ன கண்டாலும் திகதியிட்டு எழுதட்டும். அடுத்துவரும் பிள்ளை வாசிக்கட்டும். எம்மை ஆளாக்கிய கல்விக்கூடம் இன்னும் பல நூற்றாண்டு காண வாழ்த்தி விடைபெறுகிறேன்.